ஏலக்கூடைக்குள் ஒரு பிரஷ்

அக்கா,

நேற்று உங்கள் மருமகள் ஏலக்கூடையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். இனிமேல் உங்கள் இடத்தில் குப்பத்தில் நண்டு ஏலம் நான்தான் கூற வேண்டுமாம். அடியில் கிடந்த சாக்கைத் தூக்கினால், நீலக் கலரில் ஒரு பழைய பல் பிரஷ். என்னுடையதுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக அதை வைத்திருந்தீர்களா?

நம் ஊர்க்கட்டுப்பாட்டைக் கட்டிக் காத்தவர் நீங்கள். கூடையில் சினை நண்டு அதிகமாகத் தட்டுப்பட்டால், மறுநாளிலிருந்து ஒரு மாதம் குப்பத்தில் யாரும் நண்டு வலை போடக் கூடாது. அதைப் பார்த்துச் சொல்வது ஏலம் கூறுகிறவர் பொறுப்பு. அந்த வருஷம் என் பெரிய பெண்ணுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. இன்னும் பத்து நாள் வலை ஓடினால் போதும் என்றிருந்தேன். படகிலேயே உட்கார்ந்து, நண்டுகளின் வயிற்றில் ஒட்டியிருந்த முட்டையையெல்லாம் பிரஷால் தேய்த்துக் கழுவினேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

நீங்கள் ஒரு நண்டைத் திருப்பி, வயிற்று மடிப்பில் கட்டைவிரலை ஓட்டினீர்கள். என்னைப் பார்த்தீர்கள். கையை நீட்டினீர்கள். இடுப்பில் செருகியிருந்த பிரஷை யார் கண்ணிலும் படாமல் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் எழுந்து நின்று, "சினை வந்துடுச்சு. நாளையிலேர்ந்து நண்டு வலை இல்ல" என்றீர்கள்.

யார் கூடையில் என்று கரையே சத்தம் போட்டது.

"நான் பாத்தேன். அது போதும்."

அதோடு சரி. உப்பளத்துக்குக் கூலிக்குப் போன அந்த மாதம் முழுக்க எல்லாரும் உங்களைத்தான் கரித்துக்கொட்டினார்கள். கூச்சமே இல்லாமல் நானும் சேர்ந்து திட்டினேன், அக்கா. உங்கள் வீட்டு வலையும்தான் மடிந்து கிடந்தது. ஒரே வார்த்தையில் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். அந்த நெஞ்சுரம் இந்தக் கரையில் வேறு யாருக்கும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மறுபடி வலை போட ஆரம்பித்த அன்று என்னிடம் ஒன்றுதான் கேட்டீர்கள்: "பொண்ண காலேஜ்ல சேத்துட்டியா?"

இன்று காலை என் முதல் ஏலம். என் தம்பி கூடையை இறக்கினான். ஒரு நண்டைத் திருப்பி விரலை ஓட்டினேன். மடிப்பின் ஓரத்தில் நறநறவென்று, தேய்த்த முட்டையின் மிச்சம். அவன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான், பாதியில் நிற்கிறது. எனக்குத் தெரியாதா? கையை நீட்டினேன்.

வலையை நிறுத்தியாயிற்று, அக்கா. சாயங்காலம் டீக்கடையில் தம்பி என்னைக் கண்டபடி திட்டினானாம். திட்டட்டும். உங்கள் கூடையில் இப்போது இரண்டு பிரஷ் கிடக்கிறது.