மூன்று தடவை திறந்த வேதம்

போய்ச் சேர்ந்த பிறகும் என் பேச்சைப் பாதியில் வெட்டுகிற என் பாக்கியத்துக்கு,

நம் ரூத்துக்கு வந்த சம்பந்தத்தை நான் திருப்பி அனுப்பினேன். வேதத்தைத் திறந்து, கண்ணை மூடி, விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆண்டவருக்குச் சித்தம் இல்லை" என்று மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஏலத்துக்குப் போகிற காலைகளில் நான் இப்படி விரல் வைப்பதைப் பார்த்து, "கிளி ஜோசியக்காரனுக்காவது காலணா கொடுக்கணும். இது இலவசம்னு பண்றீங்களா?" என்று கேட்டவளாயிற்றே. வெள்ளைக்காரக் குடும்பங்கள் பிரேசர் டவுனில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போன வருஷங்களில், அவர்கள் விட்டுப்போன மேஜையும் அலமாரியும் வாங்கி விற்றுத்தான் நாம் தலை நிமிர்ந்தோம். நல்ல வசனம் விழுந்தால் துணிந்து ஏலம் கேட்பேன். கெட்டது விழுந்தால் வாயை மூடிக்கொள்வேன். லாபம் வந்தது. அதை விசுவாசம் என்று எண்ணிக்கொண்டேன். உன் வழி வேறு. காலையில் ஒரு அதிகாரம், முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அடுத்தது எதுவோ அதுதான்.

நீ போனதும் அந்த வாசிப்பு நின்றுவிட்டது. யாரைக் குறை சொல்ல? விடிந்து எழுந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. ரூத் காபியை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தக் கிளம்பிவிடுகிறாள். கடையில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசில்லை. ஜெபத்தில் பழகின வார்த்தைகள் தானாக ஓடுகின்றன. நான் அதில் எங்கே இருக்கிறேன்?

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தம் வந்தது. பையன் பேர் ஜான். காக்ஸ் டவுனில் ரூத் வேலை பார்க்கிற அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அப்பா ஆசீர்வாதம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தொம்மலூரில் ஓட்டு வீடு. ரூத்துக்கு இஷ்டம் என்பதை அவள் முகமே சொல்லிற்று. எனக்கு அந்த ஓட்டு வீடு பிடிக்கவில்லை. அதை நேராகச் சொல்ல வெட்கம். நாம் குடித்தனம் தொடங்கியது தகரக் கொட்டகையில் இல்லையா, எந்த வாயால் சொல்வேன்? அதனால் வேதத்தை எடுத்தேன்.

முதல் தடவை விரல் ஒரு வம்ச வரலாற்றில் விழுந்தது. வெறும் பெயர்கள். இரண்டாம் தடவை அருமையான ஆசீர்வாதம் ஒன்று. கண்ணைச் சரியாக மூடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் தடவை, ஒரு தீர்க்கதரிசி ஏதோ எதிரி தேசத்தைச் சபிக்கிற இடம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மூடி வைத்தேன்.

ரூத் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழவும் இல்லை. ஒரு மாதம் போனது. பிறகு ஒரு காலையில் உன் வேதத்தை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "அம்மா யாத்திராகமத்துல நிறுத்தியிருக்காங்கப்பா. வாசிக்கட்டுமா?" சரி என்றேன். பாதி நாள் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் கேட்டேன். எகிப்தின் மேல் தவளையும் வெட்டுக்கிளியும் வந்து போயின. நான் கடைக்கு வரவேண்டிய கட்டிலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பத்துக் கட்டளைகள் வந்தன. ஆண்டவர் பேரை வீணாக வழங்கக்கூடாது என்கிற கட்டளையை, பொய்ச் சத்தியம் பண்ணுகிறவனுக்கும் கெட்ட வார்த்தை பேசுகிறவனுக்கும் சொன்னதாகவே இத்தனை வயசும் வைத்திருந்தேன். ரூத் தலை நிமிராமல் வாசித்தாள். எனக்குக் காது சுட்டது.

"நிறுத்தும்மா" என்றேன்.

"என்னப்பா?"

"அன்னிக்கு நான் மூணு தடவை திறந்தேன்."

"தெரியும்."

"எப்படி?"

"பக்கம் புரட்டுற சத்தம் அடுப்படிக்குக் கேட்டுச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"ஆண்டவர் சித்தம்னு சொல்லிட்டீங்க. அதுக்கு மேல நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

பாக்கியம், நீ இருந்திருந்தால் அவள் உன்னிடம் கேட்டிருப்பாள். பிறகு, "அவங்க ஞாயித்துக்கிழமை வேற வீட்டுக்குப் பொண்ணு பார்க்கப் போறாங்களாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, விட்ட வரியிலிருந்து அதிகாரத்தை வாசித்து முடித்தாள்.

சனிக்கிழமை ஜட்கா வண்டி பிடித்துத் தொம்மலூர் போனேன். ஆசீர்வாதம் வாசலிலேயே நின்றார்.

"வாங்க முதலாளி. எங்க வீட்டுக்கெல்லாம் வழி தெரிஞ்சுதா?"

"சம்பந்தத்தைப் பத்திப் பேசணும்."

"ஏன், ஆண்டவர் மனசை மாத்திக்கிட்டாரா?"

அந்த இடத்தில் ஒரு நல்ல வழி இருந்தது. மறுபடி ஜெபித்தேன், இப்போது கதவு திறந்தது என்று சொல்லியிருந்தால் மரியாதையும் மிஞ்சும், காரியமும் முடியும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அலுத்துப்போய்த்தான் விழுங்கினேன் என்று சொன்னால் நம்புவாயா? இன்னொரு பொய்யைத் தூக்கிச் சுமக்க உடம்பில் தெம்பில்லை.

"அவர் ஒண்ணும் சொல்லலைங்க. உங்க வீடு எனக்குப் பிடிக்கலை. அதை அவர் பேரில் சொல்லி அனுப்பிட்டேன்."

ஆசீர்வாதம் திண்ணையில் உட்கார்ந்தார். "முப்பது வருஷம் கடுதாசி கொடுத்திருக்கேன். அனுப்புனவர் பேரை மாத்திப் போட்ட கடுதாசி என் வீட்டுக்கே வரும்னு நெனைக்கலை" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு மாசமா என் பையன் ஆலயத்துல கடைசி பெஞ்சில உட்காருறான். கடவுளே வேண்டாம்னு சொன்ன மாப்பிள்ளைன்னு பேர் வெச்சுட்டாங்க. அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அதே ஆலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், திரும்பிப் பார்த்ததில்லை.

அவர் எழுந்து உள்ளே போய் ஜானிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். "நாளைக்கு அந்த வீட்டுக்கு வரலைன்னு சொல்லி அனுப்பறேன். ஆனா எனக்கு ஒண்ணு வேணும்" என்றார். நான் பேரம் பேசவில்லை.

மனசு லேசாகிவிட்டதா என்று கேட்காதே. இல்லை. களைப்பு அப்படியே இருக்கிறது. இனிமேல் ஆண்டவரைத் தொழக் கட்டின ஆசரிப்புக் கூடாரத்தின் அளவும் திரைச்சீலையும்தான் பக்கம் பக்கமாக வருமாம், ரூத் இப்போதே சிரிக்கிறாள். தூக்கம் வந்தாலும் உட்கார்ந்து கேட்பேன். அவள் கல்யாணமாகிப் போன பிறகு நானே எழுத்துக்கூட்டி வாசிப்பேன். தாண்டிப் போகமாட்டேன், பாக்கியம்.

ஆசீர்வாதமும் நானும் பேசி முடித்தது இவ்வளவுதான்: வரதட்சணை கிடையாது. ரூத் வேலையை விடமாட்டாள். விருந்துச் செலவு இரு வீட்டாருக்கும் சரிபாதி. பிறகு அவர் கேட்ட அந்த ஒன்று: ஆலயத்தில் கல்யாண அறிவிப்பான முதல் ஓலையை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை நான் சபைக்கு முன்னால் எழுந்து நின்று, இந்தப் பையனை ஆண்டவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று என் வாயாலே சொல்லவேண்டும்.

ரூத்தின் அப்பாவாகிய
உன் வீட்டுக்காரன்