முறுக்குத் தட்டில் விழுந்த தோல்

8-4-88, வெள்ளி
வெட்கக்கேடுதான், எழுதிவிடுகிறேன்: ஜெப நேரத்தில் நான் கண்ணை மூடுவதில்லை. யார் கழுத்தில் புதுச் சங்கிலி என்று பார்க்க அதைவிட வசதியான நேரம் ஏது? அதனால்தான் இன்று நம் வீட்டுக் கூட்டத்தில், அடுத்த தெரு யூனிஸ் அக்கா முறுக்குத் தட்டிலிருந்து பழுப்பாக ஒரு பூச்சித் தோலை இரண்டு விரலால் தூக்கியதைப் பார்த்தேன். ஆமென் சொன்னதும் எலியேசர் சாரிடம் நீட்டினாள். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ரிடையர் ஆனவர். கண்ணாடிகூடப் போடாமல், "கரப்பான் உரிச்ச தோல்" என்றார். முறுக்கு அப்படியே மிச்சம். இந்நேரம் கேம்ப் ரோடு முழுக்கச் செய்தி போயிருக்கும்.

9-4
அடுத்த கூட்டம் யூனிஸ் வீட்டிலாம். "உனக்கும் ரெஸ்ட் வேணாமா ரத்தினா?" என்கிறாள் — ஒன்பது வருஷமாக இங்கே நடப்பது! உன் வீட்டுக் குளியலறையை நான் பார்த்ததில்லையாடி?

11-4
தோட்டத்து வேப்பமரத்தில் பழுப்புத் தோல்கள். ஆறு! பாத்திரம் தேய்க்கும் கன்னியம்மாவைக் கூப்பிட்டேன்.
"இதுக்கா பேஜார் ஆவுற? சில்வண்டு சட்டைம்மா. எங்க வூட்டாண்ட வேலி பூரா கீது."
முதுகில் நேராக ஒரு பிளவு. முன்னங்கால்கள் நண்டுக் கொடுக்கு மாதிரி, மண் ஒட்டியபடி. கரப்பானுக்கு ஏது இந்தக் கால்? வயிறு எரிகிறது. விலங்கியலாம்!

12-4
கோபத்தில் குழம்புக்கு இரண்டு தரம் உப்பு.

14-4
ஆறையும் பஞ்சு வைத்த டப்பாவில் எலியேசர் சாரிடம் கொண்டுபோனேன். இந்தத் தடவை லென்ஸ் வைத்தே பார்த்தார்.
"சில்வண்டுதான். அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன் போல."
"நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க சார்."
"ஜெபக் கூட்டத்துல போய்ப் பூச்சியைப் பத்தி எப்படி சிஸ்டர்..."
கரப்பான்னு சொன்னது மட்டும் எங்கேய்யா, மீன் மார்க்கெட்டிலயா?

15-4, வெள்ளி
யூனிஸ் வீட்டில் சாட்சி சொல்லும் நேரம். ஒருத்தி மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொல்லி ஸ்தோத்திரம் சொன்னாள். அடுத்து நான் எழுந்து டப்பாவைத் திறந்தேன். "ஆண்டவர் என் மானத்தைக் காப்பாத்த ஆறு சில்வண்டை மண்ணுலேர்ந்து எழுப்பினார்." சார் தரையைப் பார்த்துக்கொண்டே, "சிஸ்டர் சொல்றது சரி" என்றார். யூனிஸ் முகம் இருந்ததே! கர்த்தர் மன்னிக்கட்டும், ரொம்ப ருசியாக இருந்தது.

22-4, வெள்ளி
கூட்டம் மறுபடியும் இங்கேயே. முறுக்கு தீர்ந்துவிட்டது, யூனிஸ் அக்கா மட்டும் நாலு. போகும்போது கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் தந்தாள். "அன்னைக்குத் தட்டுல விழுந்தது. நான்தான் எடுத்து வெச்சிருந்தேன். உன் டப்பாவுல சேர்த்துக்கோ."
எல்லாரும் போனபின் பிரித்தேன். தட்டை உடம்பு. நீள மீசை. கொடுக்குக் கால் இல்லை.