வேலியைப் பார்த்த பெஞ்சு

பிடிவாதக்காரிக்கு,

நீ கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன பிறகும் நம் ஊர் மன்றம் ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டது. யார்க்‌ஷர் மழைக்குப் பயந்து பஸ் நிறுத்தத்துக்குக் கூரை போட்டோம். வாத்துகள் குறுக்கே போகும் என்று பலகை நட்டோம். அதிலிருந்து வாத்துகள் அந்தப் பக்கமே வருவதில்லை.

பெஞ்சும் வந்தாயிற்று. அது குளத்தைப் பார்க்க வேண்டும் என்றாய் நீ, கிரிக்கெட் மைதானத்தை என்றேன் நான். இருவர் மனமும் நோகக் கூடாதென்று மற்றவர்கள் ஓட்டெடுத்து, சரியாக நடுவாந்தரமாகத் திருப்பிப் பதித்துவிட்டார்கள். இப்போது அது டெஸ்மண்ட் வீட்டுச் செடிவேலியைப் பார்க்கிறது.

"ஊரே உக்காந்து என் வேலிய மொறைக்குது" என்று மனிதர் கூட்டத்துக்குக் கூட்டம் புலம்புகிறார்.

ஆறு மாதம் கூட்டத்துக்கு வராத உறுப்பினரின் காரணத்தை மன்றம் ஏற்காவிட்டால் பதவி போய்விடும், உனக்கே தெரியும். கெடு நெருங்கியதும் குமாஸ்தா கேட்டார்:

"என்ன காரணம்னு எழுத?"

"கோவம்னு எழுதுங்க."

"அதெல்லாம் ஒரு காரணமா, தலைவரம்மா?"

"அவ கோவத்த நீங்க பாத்ததில்லையா?"

அத்தனை கைகளும் உயர்ந்தன.

நேற்று, பெஞ்சைக் குளத்துப் பக்கம் திருப்பலாம் என்று நானே முன்மொழிந்தேன். சிரிக்காதே. வேலியில் குருவி கூடு கட்டியிருக்கிறதாம், எல்லோருக்கும் அதைப் பார்த்தே பழகிவிட்டதாம். வழிமொழிய ஒரு கைகூட எழவில்லை.

வியாழக்கிழமை மறுபடி கூட்டம். யாரும் உட்கார்ந்துவிடாமலிருக்க உன் நாற்காலியில் எப்போதும் என் கைப்பையைத்தான் வைக்கிறேன். அதைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டு உட்கார். என்னோடு பேசக்கூட வேண்டாம், கையை மட்டும் தூக்கு.

இப்படிக்கு,
குளத்தின் எதிர்க்கரைக்காரி