மூலவர் எண் போடாத ஆறு நாள்கள்

நவம்பர் 10, திங்கள்

விடியற்காலை முதல் மழை. கடலூர்த் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு. கோர்ட் வாசலில் ஆளைவிடக் குடை அதிகம். கடை திறக்க ஒன்பதரை.

டைப் செய்ய வேண்டியவை: பாகப்பிரிவினை ஒன்று, வாய்தா மனு இரண்டு, ஜீவனாம்சம் ஒன்று. பத்து மணிக்கு விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போய்விட்டது. வக்கீல் குமாஸ்தா பாலு எதிரில்.

“எத்தினி பர்சன்ட் மாமா?”

“முப்பது.”

“டீ குடிக்கப் போவும்போதும் முப்பதுதானே சொன்னீங்க.”

“அது வேற முப்பது.”

மதியம்தான் கவனித்தேன். இன்று காலை களத்தில் மூலவர் எண் போடவில்லை.

(பின்னாளில் நானே மறந்துபோனால்: களம் என்பது எந்தக் கணினி இயங்குதளம் உசத்தி என்று நூற்றுச் சொச்சம் பேர் இணையத்தில் கூடிச் சண்டை போடும் இடம். லினக்ஸ் கட்சி, விண்டோஸ் கட்சி. மேக் வைத்திருப்பவர்கள் மூன்று பேர், மாடியிலிருந்து வேடிக்கை. மூலவர் லினக்ஸ் கட்சியின் தலைவர். சிதம்பரத்துக்காரர் என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தன் கணினி நிற்காமல் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்ற எண்ணைத் தினமும் காலை 6.10க்குப் போடுவார். வணக்கம் கிடையாது. எண் மட்டும். நேற்று 611. இத்தனை நாள் நிறுத்தாமல் ஓட்டுவது பாதுகாப்பு இல்லை என்று அவர் கட்சிக்காரர்களே சொல்லிப் பார்த்துவிட்டார்கள். எதிர்க்கட்சியில் வாய் உள்ளவன் நான். அங்கே என் பெயர் ஜன்னலோரம். ஆறு வருடப் பகை.)

நேற்று நடந்ததையும் எழுதிவைக்கிறேன். புதிய விண்டோஸுக்கு என் கடைக் கணினி தகுதியற்றது என்று அதுவே எனக்கு அறிவித்துவிட்டது. பழையது இன்னும் கொஞ்ச காலம்தானாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் களத்தில் சொன்னேன். மதியம் மூலவர்: “எடுப்பதற்கு முன்னால் எங்களிடம் கொண்டுவாருங்கள். உயிர் கொடுத்து அனுப்புகிறோம்.” முப்பது பேர் சிரித்தார்கள். மாலை ஏழு மணிக்கு என் பதில்: “உங்கள் பெட்டி 611 நாளாக ஓடுகிறது, சரி. அதனால் யாருக்கு என்ன வேலை நடந்தது?”

நல்ல வாக்கியம். மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். எண் இல்லை.

களத்தில் இன்றைய சண்டைகள்: கறுப்புத் திரை கண்ணுக்கு நல்லதா. கோர்ட்டில் கேட்கும் பழைய தமிழ் எழுத்துரு லினக்ஸில் ஏன் கட்டம் கட்டமாக வருகிறது (நான் ஆரம்பித்தது). மேக் வாங்கும் விலைக்கு எத்தனை ஆடு வாங்கலாம். கடைசியில் ஆட்டு விலையில் கருத்து வேறுபாடு.

மூலவர் இல்லாததை ஒருவரும் சொல்லவில்லை. அவர் கட்சியிலும்.

சேமியா வாங்க வேண்டும். மறந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

நான்காம் நாள். எண் இல்லை. தனிச்செய்தி அனுப்பினேன்: “நலமா?” படிக்கப்படவில்லை.

மூலவருக்கு எழுபது வயது என்று ஏனோ மனதில் இருக்கிறது. நெற்றி நிறைய விபூதி, தனிக்கட்டை, அறையில் அந்தப் பெட்டி ஒன்றுதான் துணை. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு அதன் முன் உட்கார்ந்து என் வாக்கியத்தைப் படிக்கிறார். அதற்குமேல் நினைக்கப் பிடிக்கவில்லை.

வாக்கியத்தை நீக்கப் போனேன். ஒரு நாள் கடந்த பதிவை நீக்க முடியாது, களத்தின் விதி. மூலவர் தன் பேச்சை மாற்றுகிறார் என்று குற்றம் சாட்டி இரண்டு வருடத்துக்கு முன் அந்த விதியைக் கொண்டுவந்தவன் நானே.

வசந்தி தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள்.

“யாரு செத்தாங்க? மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?”

“யாரும் சாவலை. அதான் தெரியலை.”

சொன்னேன். கேட்டாள்.

“போன் நம்பர்?”

“தெரியாது.”

“பேரு?”

“மூலவர்.”

“ஊரு?”

“சிதம்பரம்.”

“சிதம்பரத்துல போயி மூலவர் எங்கன்னு கேட்டா எங்க கொண்டாந்து நிறுத்துவாங்கன்னு தெரியுமில்ல?”

பிறகு அவளே, கரண்டியை வைத்துவிட்டு: “தெனம் அந்த மனுசனைத் திட்டுனாத்தான் உங்களுக்குக் காபியே எறங்கும். போயி பாத்துட்டு வந்துடுங்க.”

நவம்பர் 14, வெள்ளி

மழை இல்லை, ஈரம். எண் இல்லை.

என்னிடம் ‘ஆதாரம்’ என்று ஒரு கோப்புறை உண்டு. மூலவர் தவறாகச் சொன்னவை, தோற்றவை, உளறியவை. ஆறு வருடச் சேமிப்பு. இன்று முதல் தடவையாக நல்ல காரியத்துக்குத் திறந்தேன். கிடைத்தவை இரண்டு.

ஒன்று. ஒரு ஆனி மாதம் அவர் போட்ட பெருமை: “தேர் வடக்கு வீதி தாண்டும்வரை எங்களுக்கு மின்சாரம் நிறுத்திவிட்டார்கள். என் பெட்டி நிற்கவில்லை.” ஆக, வீடு வடக்கு வீதி பக்கம்.

இரண்டு. மூன்று வருடம் முன் அவருடைய வைஃபை அறுந்து அறுந்து போக, உதவி கேட்டு ஒரு நீளமான பட்டியலைப் போட்டார். அவர் வீட்டில் பிடிபட்ட அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் முழுவதும் அதில். ‘மாடி டியூஷன்’, ‘கோமளா2’, ‘பாஸ்வேர்டு கேக்காத’. அன்று மூன்று நாள் கேலி செய்தேன். இந்த மூன்றும் சேர்ந்து என் போனில் எங்கே தெரிகிறதோ, அங்கே மூலவர்.

நாளை கடை லீவு. பாலுவிடம் சொல்லியாயிற்று. “எதாச்சும் விசேஷமா மாமா?” “துக்கமா விசேஷமான்னு போனாத்தான் தெரியும்.” அவன் அதற்குமேல் கேட்கவில்லை. கோர்ட்டில் வேலை பார்ப்பவர்களிடம் இது ஒரு நல்ல குணம்.

நவம்பர் 15, சனி

இரவு ஒன்பது. வீட்டில். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

எண் இல்லை, ஆறாம் நாள். செம்மண்டலத்திலிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு பஸ். புதுச்சத்திரம் வரை நின்றுகொண்டு. துக்கம் கேட்கப் போகிறேனா தெரியாததால் பழம் வாங்குவதா மாலை வாங்குவதா என்று குழம்பி, ஒன்றும் வாங்காமல் இறங்கினேன்.

வடக்கு வீதியிலும் அதிலிருந்து பிரியும் சந்துகளிலும் போனைத் தூக்கிப் பிடித்தபடி நாற்பது நிமிடம். ‘கோமளா2’ இல்லை. கோமளா வீடு மாறியிருக்கலாம். மூன்றாவது சந்தில் ‘மாடி டியூஷன்’ ஒரு கோடு காட்டியது. இன்னும் பத்தடி. ‘பாஸ்வேர்டு கேக்காதடா’. மூன்று வருடத்தில் ஒரு ‘டா’ வளர்ந்திருக்கிறது. அதே ஆள்தான்.

கோலப்பொடி டப்பாவோடு ஒரு பெண்மணி வழிமறித்தார்.

“யாரு வேணும்? போனைத் தூக்கிக்கிட்டு நாலு தடவை போறீங்க, வரீங்க.”

“டவர் பாக்குறேம்மா.”

“டவர் பின்னாடித் தெருவுல இருக்குது.”

வேறு வழியில்லை. “இங்க கம்ப்யூட்டரை நிறுத்தவே நிறுத்தாத ஒருத்தரு...”

“அருள்தாஸ் சாரா? டீச்சர் வூட்டுக்காரரு. அதோ பச்சை கேட்டு.”

வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு வாரமா ஆளையே வெளிய காணோம். டீச்சரும் சரியாப் பேசலை.”

பச்சை கேட் வரை இருபதடி. கதவின் மேல் சிலுவை. மூலவர் கிறிஸ்தவர். ஆறு வருடமாக நான் பூசிவைத்திருந்த விபூதி அந்த இடத்திலேயே உதிர்ந்தது. டீச்சர் கதவைத் திறந்தார்.

“அருள்தாஸ் சார் இருக்காருங்களா?”

“இருக்காரு.”

இந்த ஒரு சொல்லுக்கு எழுபது ரூபாய் டிக்கெட் என்றாலும் கொடுத்திருப்பேன். கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே லுங்கியில், ஐம்பத்தைந்துக்கு மேல் போகாத ஒருவர். ஆரோக்கியமான தொப்பை. கையில் வேர்க்கடலை.

“நான் ஜன்னலோரம்,” என்றேன். சொல்லும்போதே அசட்டுத்தனமாக இருந்தது.

அவர் கடலை மெல்வதை நிறுத்தினார். டீச்சர்தான் முதலில் பேசினார்: “தெனமும் திட்டுவீங்களே, அவரா? உள்ள வாங்க, வாங்க. இவரு எந்திரிச்சதும் மொதல்ல ஏசப்பா, அடுத்தது உங்க பேருதான். காபில சக்கரை ஜாஸ்தி போடலாமா?”

நடந்தது இவ்வளவு. போன ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு மழையில் கரண்ட் போனது. மறுநாள் விருந்தாளிகள். அரிசி ஊறிக் கிடக்கிறது. டீச்சர் கிரைண்டர் பிளக்கைக் கொண்டுபோய்க் கணினியின் யூபிஎஸ்ஸில் சொருகினார். கிரைண்டர் இரண்டு சுற்று சுற்றியது. பிறகு எல்லாமே நின்றது. 611 நாளும்.

“தேருக்கு நிக்கலை சார். புயலுக்கு நிக்கலை,” என்றார் மூலவர். “இட்லிக்கு நின்னுடிச்சு.”

“மாவை நான் தலையிலயா ஆட்டுறது?” டீச்சர்.

அதன்பின் அவர் பெட்டியை ஆன் செய்யவே இல்லை. செய்தால் பூஜ்யம் காட்டும். பூஜ்யத்தைக் களத்தில் போடவேண்டும். போடாமல் இருக்கவும் மனம் வராது. போனில் களத்தைப் பார்ப்பதில்லை, கொள்கை. ஆகவே ஐந்து மணிக்கு நின்ற பெட்டியில் என் ஏழு மணி வாக்கியத்தை அவர் படிக்கவே இல்லை.

மார்பிலிருந்து ஒரு பாறை இறங்கியது. இறங்கும்போது ஒரு சின்ன வருத்தம் இருந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவ்வளவு நல்ல வாக்கியம்.

“எல்லாரும் சிரிச்சிருப்பாங்களே?”

“ஒருத்தரும் கவனிக்கலை சார். ஆட்டு வெலை பேசிக்கிட்டிருக்காங்க.”

இது ஆறுதல் இல்லை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் முகம் விழுந்தது. அவசரமாக, “நேத்து மட்டும் என் கம்ப்யூட்டர் மூணு தடவை தானா நின்னு, தானா எந்திரிச்சுது. கேட்டு நிறுத்தலை, சொல்லிட்டுப் போவலை. நான் வெக்கமா பட்டேன்?” என்றேன். களத்தில் ஆறு வருடமாக மறுத்துவந்த உண்மை. மூலவர் என்னை வெகுநேரம் பார்த்தார். தனக்குள் பத்திரப்படுத்துகிறார் என்று தெரிந்தது. அவரிடமும் ஒரு ‘ஆதாரம்’ இருக்கும்.

டீச்சர் காபியை வைத்தார். “நான்தானே நிறுத்துனேன். நானே போடுறேன்.” போய்ப் பொத்தானை அழுத்தினார். மணி நான்கு. மூலவர் கண்ணை மூடிக்கொண்டார், ஜெபமாக இருக்கலாம். விசிறி சுற்றும் சத்தம். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. கடைசியில் களம் திறந்தது: படிக்காத பதிவுகள் 340. முதல் பக்கத்திலேயே என் வாக்கியம் இருக்கும்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்று எழுந்தேன். கோழை. டீச்சர் பையில் வேர்க்கடலை கட்டிக் கொடுத்தார். மூலவர் கேட் வரை வந்தார்.

“அடுத்த வாட்டி அட்ரஸ் கேட்டுட்டு வாங்க.”

“யாருகிட்ட கேக்குறது?”

யோசித்தார். “அதுவும் சரிதான்.”

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். வசந்தி ஒரு வாரத் துணியை மாடிக்கு ஏற்றியிருக்கிறாள். கூண்டை இறக்கிவிட்டார்கள். சேமியா வாங்கியாயிற்று.

5.50க்கே விழிப்பு. போனையே பார்த்தபடி. அவர் அந்த வாக்கியத்தைப் படித்திருப்பார்.

6.10. மூலவர்: “0 நாள், 14 மணி.”

போட்டுவிட்டார். லினக்ஸ் கட்சி முழுவதும் எழுந்து என்ன ஆயிற்று என்று கேட்கிறது. இப்போதுதான் தெரிகிறதாம்.

6.14. ‘யாருக்கு என்ன வேலை நடந்தது?’ என்ற என் போன ஞாயிற்றுக் கேள்வியை அப்படியே எடுத்து மேலே வைத்து, அதன் கீழ் ஒரே வரி:

“கடலூரிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்தார்.”

வசந்திக்குப் படித்துக் காட்டினேன். திரும்பவும் படிக்கச் சொன்னாள்.

இதற்குப் பதில் எழுதாமல் விடக்கூடாது. போனில் எனக்குத் தமிழ் ஓடாது. வீட்டுக் கணினியைப் போட்டேன். புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. முப்பது.