இரண்டு நிமிட மௌனத்தில் ஒரு பொன்னாடை

புருசெத், ஒஸ்லோ
பெப்ரவரி 9

அன்பு மகள் யதுர்ஷாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். கோத்தென்பர்க் குளிருக்கு நீ ஒழுங்காக உடுத்தி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தது இந்தக் கடிதத்தை வாசிக்கவாவது உதவட்டும். ஆறுதலாக வாசி.

இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. முதியோர் இல்லச் சமையலறையில் எனக்கு அதே விடிகாலை ஐந்து மணி வேலைதான். முழங்கால் நோகிறது. டொக்டர் ஓய்வெடுக்கச் சொல்கிறார், அவருக்கென்ன. அம்மாவுக்குப் பிரஷர் ஏறி இறங்குகிறது. இப்போது கோயிலுக்கும் அவ்வளவாகப் போவதில்லை. போனால், “மகள் எப்ப வாறா?” என்று யாராவது கேட்பார்கள்.

ஒக்டோபரில் உன் கச்சேரியில் நடந்ததை இந்த வீட்டில் நாங்கள் கதைப்பதில்லை. அந்த சுவீடன் இசையமைப்பாளரின் புது இசைக்காக நீ ஒரு வருடம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, நான் பெரிய வயலின் என்று சொல்லும் உன் வியோலாவில் பழகினாய். கடைசியில் குழுவில் எல்லோரும் வில்லைத் தூக்கியபடி இரண்டு நிமிடம் அசையாமல் நிற்பீர்கள், பிறகு நீ மட்டும் தனியே வாசித்து முடிப்பாய் என்று எங்களுக்குச் சொல்லியும் இருந்தாய். அந்த இரண்டு நிமிடத்துக்குள்தான் அம்மா பொன்னாடையோடு மேடையேறினார். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் அரங்கேற்றத்தில் போர்த்துகிறார்கள், என் பிள்ளை வெறுந்தோளோடு இறங்குவதா என்று ஒரு மாதமாகத் தேடி வாங்கியது அது. வில் பிடித்த கையிலேயே விழுந்தது. சனம் சிரித்தது. ஒலிப்பதிவும் கெட்டது. உன் கடைசிப் பகுதியை நீ வாசிக்கவேயில்லை.

மகள், அது அம்மா விட்ட பிழையில்லை. நான் விட்ட பிழை.

அன்று வேலையிலிருந்து நேரே வந்தவன், பாதியிலேயே நித்திரையாகிவிட்டேன். கண் விழித்தபோது மண்டபம் முழுக்க அமைதி. பொன்னாடையோடு அம்மா எப்போது எழும்ப வேண்டுமென்று நான்தான் சொல்வதாக ஏற்பாடு. முடிந்துவிட்டது, போ என்றேன். அம்மா தயங்கினார். “பிள்ளை இன்னும் வில்லை இறக்கேல்லையே” என்றுகூடச் சொன்னார். நித்திரை கொண்டதைக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, “எனக்குத் தெரியும், நீர் போம்” என்று அதட்டினேன்.

வாசலில் நீ அம்மாவை ஏசினாய், இனி என் கச்சேரிப் பக்கமே வராதே என்றாய். அம்மா ஒருதரம் என்னைப் பார்த்தார். நான் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்றேன். வரும் வழியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “நீங்கள் சொன்னதெண்டு அவளுக்குத் தெரிய வேண்டாம். உங்களோடையாவது கதைக்கட்டும்.” எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. நாலு மாதம் அதற்குள் ஒளிந்திருந்தேன்.

ஞாயிறுதோறும் எனக்கு நீ அனுப்பும் இரண்டு வரியை அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ‘அம்மாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கோ’ என்று நீ எழுதாததை நானே சேர்த்து வாசிப்பேன். அந்த வரியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொல்வார். இனி என்னால் ஏலாது பிள்ளை, களைத்துப்போனேன்.

என்மேல் எவ்வளவு கோபமென்றாலும் வைத்துக்கொள், அது நியாயம். ஆனால் அம்மாவுக்கு ஒரு டெலிபோன் கோல் எடு. வருகிற ஞாயிறு பின்னேரம் அவர் வீட்டில்தான் இருப்பார். நான் வெளியே போய்விடுவேன்.

உன் கைகளுக்கு எந்தக் குறையும் வரக்கூடாது. நன்றாக இரு.

அன்புடன்,
அப்பா
குகநேசன்