நிறுத்தக் கூடாத லைன்

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா
மார்ச் 9, 1985

அன்புள்ள தங்கை நேசமலருக்கு,

பத்மநாபன் எழுதுவது. நீங்களும் நிரஞ்சலாவும் மானிப்பாய் வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுக்கிறேன். யாழ்ப்பாணத்தைப் பற்றி இங்கே பேப்பரில் மூன்று வரி வரும், அதுவும் யாராவது செத்தால்தான். கடிதங்களைப் பிரித்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பிரிக்கிறவர்களும் படிக்கட்டும். ஒளிப்பதற்கு இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் டிசம்பர் கடிதம் பிப்ரவரி தொடக்கத்தில் கிடைத்தது. நிரஞ்சலா கணக்கில் வகுப்பிலேயே முதலாவது என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். அதற்கு அடுத்த பாராவில், அவள் விளக்குச் சிமினியைக் கைதவறி உடைத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். “இது அப்பாவின்ரை அவசரக் குணம், அந்த அவசரம்தான் அவரைக் கொண்டுபோனது எண்டு ஏசிப்போட்டன் அண்ணை. பிள்ளை ரெண்டு நாள் ஒழுங்காச் சாப்பிடேல்லை.” அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. இரண்டு வாரம் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தேன்.

என் வேலையைப் பற்றி உங்களுக்குச் சரியாக எழுதியதில்லை. நியூஜெர்ஸி ஃபேக்டரியை எண்பதில் மூடியதும், என் மச்சினன், ஷ்யாமளாவின் தம்பி, இருக்கிறான் என்று இந்தப் பக்கம் வந்தோம். நாலு வருடம் ஒரு கிடங்கில் ஸ்பேர் பார்ட்ஸ் அடுக்கினேன். போன வருடம் இங்கே டொயோட்டாவும் ஓர் அமெரிக்கக் கம்பெனியும் சேர்ந்து, மூடிக் கிடந்த ஒரு கார் ஃபேக்டரியைத் திறந்தார்கள். என்னை குரூப் லீடராக எடுத்தார்கள். மூன்று வாரம் ட்ரெயினிங்குக்கு ஜப்பானுக்கும் அனுப்பினார்கள்.

நிரஞ்சலாவின் அப்பா பேரின்பநாதன் வைத்திருந்த அந்தக் கடுகு நிற டொயோட்டா கொரோலா உங்களுக்கு நினைவிருக்கும். பெட்ரோல் தட்டுப்பாடு வந்த வருடம், நாம் குடியிருந்த பார்சிப்பனியில் பங்க் வாசலில் எல்லாரும் க்யூவில் நின்றபோது, அவர் மட்டும் அதில் சிரித்துக்கொண்டு போவார். நானும் அவரும் வேலை செய்த, அமெரிக்கக் கார் செய்கிற ஃபேக்டரிக்கு ஜப்பான் காரில் வந்தால் விடுவார்களா? வேலிக்கு அந்தப் பக்கம்தான் நிறுத்த வேண்டும். இரண்டு தடவை ஆணியால் கீறியும் வைத்தார்கள். அவர் அசரவில்லை. லஞ்ச் நேரத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போய், “ஐஸே, கதவை ஒருக்காச் சாத்திப் பாரும்” என்பார். பானெட்டைத் திறந்து ஒவ்வொரு போல்ட்டாகக் காட்டுவார். “ஒரு தரமும் நடு ரோட்டிலை விட்டதில்லை. எங்கடை லைன்லை வாற காரை நாங்களே வாங்கமாட்டம், என்ன?” என்று கேட்பார். நான் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, மெதுவாகப் பேசச் சொல்வேன். நான் ஃபோர்மன் அல்லவா.

அந்தக் கார் ஏன் அப்படி இருந்தது என்பது ஜப்பானுக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. முதல் நாள் எங்களை உட்கார வைத்து அந்தக் கம்பெனியின் கதையைச் சொன்னார்கள். தொடக்கத்தில் கார் இல்லையாம், தறிதானாம். ஒரு தச்சரின் மகன், தாய் கைத்தறியில் படுகிற பாட்டைப் பார்த்து, தறியைத் திருத்துவதிலேயே வாழ்க்கையைப் போட்டாராம். அவர் கடைசியில் செய்த தானியங்கித் தறியில் ஓர் இழை அறுந்தால் போதும், தறி தானே நின்றுவிடும். அதன் உரிமையை ஓர் ஆங்கிலக் கம்பெனிக்குக் கொடுத்து, அந்தப் பலத்தில் அவர் மகன் கார் செய்ய இறங்கினார். குடும்பப் பெயர் டொயோடா. கம்பெனிக்கு டொயோட்டா என்று மாற்றி வைத்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு கம்பெனி விழுகிற நிலைக்கு வந்து, ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தபோது, அந்த மகன் பொறுப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டு தலைவர் பதவியிலிருந்து தானும் இறங்கிவிட்டார். ஐம்பதுகளின் கடைசியில் அமெரிக்காவுக்கு அனுப்பிய முதல் கார் இங்கத்து ஃப்ரீவேயில் மூச்சு வாங்கியது. கொஞ்ச நாளில் விற்பதை நிறுத்திவிட்டு, திருத்திக்கொண்டு திரும்ப வந்தார்கள். தப்பை ஒப்புக்கொள்வதில் அவர்களுக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். இழை அறுந்தால் நிற்கும் என்ற இடத்தில் பேனா ஓடவில்லை.

மறுநாள், கார்கள் நகர்ந்துகொண்டே இருக்க வேலை நடக்கிற லைனுக்குக் கூட்டிப் போனார்கள். தலைக்கு மேல் நீளமாக ஒரு கயிறு. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தொழிலாளி போல்ட் ஒன்றை முடுக்கும்போது அது கோணலாக ஏறிவிட்டது. அவர் கையை உயர்த்திக் கயிற்றை இழுத்தார். விளக்கு எரிந்தது. ஏதோ குழந்தைப் பாட்டு மாதிரி ஒரு மணிச்சத்தம். அவருடைய லீடர் ஓடி வந்தார். உடனே சரிசெய்ய முடியாததால் லைன் நின்றது. ஆம் தங்கையே, லைன் நின்றது. ஒருவரும் கத்தவில்லை. போல்ட்டை மாற்றிவிட்டு, லீடர் அந்த ஆளுக்குத் தலைகுனிந்து நன்றி சொன்னார். லைன் மறுபடி ஓடியது.

நான் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன். பிறகு எங்களை வரிசையாக நிற்கவைத்து, பழகிக்கொள்ள ஒவ்வொருவராகக் கயிற்றை இழுக்கச் சொன்னார்கள். என் முறை வந்தபோது கை மேலே எழவில்லை. வெட்கப்படுகிறேன் என்று நினைத்து அந்த ஜப்பான்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

எழுபத்தேழு அக்டோபரில் நடந்ததைப் பற்றி உங்களுக்குக் காட்டிய ரிப்போர்ட்டில், பேரின்பநாதன் கீழே விழுந்த தன் ஸ்பானரை எடுக்க, யாரிடமும் சொல்லாமல், லைன் ஓடும்போது தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போனார் என்று இருந்தது. சாட்சி என்று என் கையெழுத்து இருந்தது. அது பொய். ஸ்பானர் விழவே இல்லை.

நியூஜெர்ஸியில் லைனை நிறுத்துவது கொலைக் குற்றம் மாதிரி. போல்ட் இல்லாமல் போனாலும் போகட்டும், வெளியே யார்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அதற்கு முந்தின வாரம் ஒரு காரில் பிரேக் குழாய் சரியாக மாட்டவில்லை என்று நான் ஒரே ஒரு தடவை பட்டனை அழுத்தி லைனை நிறுத்தினேன். சூப்பரின்டென்டென்ட் எல்லார் முன்னாலும், இன்னொரு தடவை அந்தப் பட்டனில் கை வைத்தால் ஊருக்குப் பெட்டியைக் கட்டிக்கொள் என்றான். என் கிரீன் கார்ட் பேப்பர் அவர்கள் கையில் இருந்தது. அவன் சொன்னது எனக்குப் புரிந்தது.

அன்று ஒரு கார் அடியில் ஒரு போல்ட் இல்லாமல் வந்தது. கண்டுபிடித்தது பேரின்பநாதன்தான். “ஒரு நிமிசம் நிப்பாட்டித் தாரும் ஐஸே, போட்டிட்டு விடுறன்” என்று கேட்டார். முடியாது, கூடவே நடந்துகொண்டு போட்டுவிடு, சீக்கிரம், சீக்கிரம் என்று சொன்னவன் நான். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து உள்ளே போனார். மஞ்சள் கோட்டைத் தாண்டச் சொன்னதும் நான்தான். அவசரம் என்னுடையது, நேசமலர். அவருடையது இல்லை. நான் பார்த்தவர்களிலேயே நிதானமாக வேலை செய்கிற மனிதர் அவர்.

கார்களை இழுத்துக்கொண்டு தரையில் ஓடுகிற சங்கிலி அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டது. ஏழெட்டு அடி தள்ளி இரும்புத் தூண். பட்டன் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் “பத்மநாபன், நிப்பாட்டு” என்று கத்தினார். நான் பட்டனைத் தொடவில்லை. போனை எடுத்தேன். அனுமதி கேட்க. மறுமுனையில் அந்த சூப்பரின்டென்டென்ட், எந்த ஸ்டேஷன், என்ன விஷயம் என்று கேட்டான். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஸ்டேஷன் வாட்கின்ஸ் ஓடி வந்து என்னைத் தள்ளிவிட்டு பட்டனை அடித்தபோது அவர் தூணில் சிக்கி நசுங்கியிருந்தார். உயிர் மட்டும் இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆம்புலன்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் போனதற்காக ஒவ்வொரு கடிதத்திலும் எனக்கு நன்றி சொல்கிறீர்கள். நான் போகவில்லை. போனவர் வாட்கின்ஸ். அந்த நேரத்தில் நான் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல அந்த ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, கூட வந்தேன், அவருக்கு வலி தெரியவில்லை என்று வாயில் வந்ததைச் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். வாட்கின்ஸ் அதன் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மாதத்தில் எனக்கு கிரீன் கார்ட் வந்தது. நீங்களும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஊருக்கு விமானம் ஏறிய வாரம் அது.

இதை ஏழு வருடம் எப்படி வைத்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. பயம் போன பிறகும் பழக்கமாகிவிட்டது. எல்லா இடத்திலும் இப்படித்தான், நான் என்ன செய்திருக்க முடியும் என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அந்த ஜப்பான்காரர் ஒரு கோணல் போல்ட்டுக்காகக் கையை உயர்த்தியபோது அதுவும் போய்விட்டது. உலகத்தில் ஓரிடத்தில், நான் அவ்வளவு பயந்த அதே வேலைக்கு, நன்றி சொல்கிறார்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரம் இங்கே லைனில் டொலோரஸ் என்ற பெண்ணின் கையுறை எதிலோ மாட்டி, அவள் கயிற்றை இழுத்தாள். நான் ஓட வேண்டும், அதுதான் என் வேலை. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளே கையுறையை உருவிக்கொண்டு வந்து, என் தோளைத் தொட்டு, உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அன்றே குரூப் லீடர் பொறுப்பை விட்டுவிட்டு, சாதாரணத் தொழிலாளியாக மாறிக்கொண்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து ஷ்யாமளாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, “அந்தப் பொண்ணு நேசமலர் கையால எத்தனை நாள் சாப்பிட்டிருக்கோம். எப்படிங்க அவங்க மூஞ்சியைப் பார்த்தீங்க?” என்று கேட்டாள். அவ்வளவுதான். சமைத்து வைக்கிறாள். சேர்ந்து சாப்பிடுவதில்லை.

பழைய கம்பெனியின் தலைமை ஆபீஸுக்கும், தொழிலாளர் பாதுகாப்பைப் பார்க்கிற அரசாங்க ஆபீஸுக்கும் நடந்ததை எழுதிப் போட்டேன். கம்பெனியிலிருந்து பதில் இல்லை. அரசாங்க ஆபீஸிலிருந்து இரண்டு வரி வந்தது: ஃபைல் முடிக்கப்பட்டுவிட்டது, தகவலுக்கு நன்றி. இப்போது அந்தக் கட்டடத்தைக்கூட இடித்துவிட்டார்கள் என்கிறார்கள். உண்மையைச் சொல்ல ஒருவன் வந்தால் கேட்டுக்கொள்ள ஓர் இடம்கூட இல்லாமல் போய்விட்டது. உங்களைத் தவிர.

நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். அதில் மேலே எழுதியதெல்லாம் இருக்கிறது. பாதிரியாரிடமோ, வக்கீலிடமோ, உங்கள் சொந்த அண்ணன் அரியரட்ணத்திடமோ, யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். வழக்குப் போட்டால் நான் வந்து நின்று சொல்வேன். வாட்கின்ஸின் விலாசத்தையும் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறேன். ஆம்புலன்ஸில் பேரின்பநாதன் ஏதாவது பேசியிருந்தால், அது அவருக்குத்தான் தெரியும். அவருக்கு எழுதிக் கேளுங்கள். எனக்கு அதைத் தெரிவிக்க வேண்டாம்.

மன்னிப்புக் கேட்டு இந்தக் கடிதத்தை எழுதவில்லை. கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள் என்ற பயம் இருக்கிறது. உங்கள் மனசு எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இது கிடைத்த அன்றே நிரஞ்சலாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அவள் அப்பா அவசரக்காரர் இல்லை. ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்டவர் அவர், கொடுக்காதவன் நான். இத்தனை வருடம் அவர் மேல் நீங்கள் வைத்திருந்த கோபத்தை எடுத்துவிடுங்கள், தங்கையே. அதை வைக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு நன்றாகப் படிக்கட்டும். ஷெல் விழாத இடமாகப் பார்த்து இருவரும் இருங்கள்.

இப்படிக்கு,
பத்மநாபன்