பவித்ராவின் கையை விட்டுவிடு, மாமா

தாய்மாமனாகப் பிறந்து புருஷனாகவும் வாய்த்த என் மாமாவுக்கு,

நீ கேட்பதற்கு முன்னால் பிள்ளைகளின் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் மகன் வீட்டுப் பெரியவன் முகேஷ் டிப்ளமோ முடித்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் லாரியெல்லாம் தீப்பெட்டி மாதிரி தெரிகிறதாம். அவன் தங்கை ஷாலினி நர்ஸ் படிப்பில் வகுப்பிலேயே முதலாக வந்தாள். வலிக்காமல் ஊசி போடுவேன் என்று என் கையிலேயே போட்டுக் காட்டினாள். வலித்தது, சொல்லவில்லை. நம் மகள் செல்வி பெற்ற பவித்ரா மாவட்டத்துக்காகப் பில்லியர்ட்ஸ் விளையாடி மெடல் வாங்கியிருக்கிறாள். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். நண்டு வாங்க வருகிறவளைக்கூட விடுவதில்லை.

ஆனால் இன்றைக்குப் பெருமைப்பட எனக்கு நேரமில்லை, மாமா. காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுப்புப் பற்றவைக்கவில்லை. உன் நினைவு நாளுக்குப் பேப்பரில் போட நாலு வரி எழுதித் தரச் சொன்னாள் செல்வி. அஞ்சாம் வகுப்போடு நின்ற கையெழுத்துதான், பொறுத்துக்கொள். உன்னிடம் ஒன்று கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பில்லியர்ட்ஸ் என்றால் உனக்குத் தெரிந்திருக்காது. துணி ஒட்டிய பெரிய மேஜை, ஓரத்தில் குழிகள். கேரம் போர்டு மாதிரிதான். காய்க்குப் பதில் பந்து, விரலுக்குப் பதில் நீளக் குச்சி. நீ போன பிறகு நம் ஊர் டச்சுக்காரன் கல்லறைக்குப் பக்கத்தில் ஒருத்தர் லாட்ஜ் கட்டி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக அப்படி ஒரு மேஜை வாங்கிப் போட்டார். செல்வி அங்கே சமையல் வேலைக்குப் போனபோது பவித்ராவும் கூடப் போனாள். போனவள் குச்சியைப் பிடித்துக்கொண்டாள். "பொம்பளப் புள்ள குச்சி புடிச்சி இன்னா பண்ணப்போவுது, மாடு மேய்க்கவா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். மெடல் வந்த அன்று அவள் வீட்டுக்குத்தான் முதலில் லட்டு கொடுத்தேன்.

ஆட்டத்தின் முதல் அடியைப் பிரேக் என்கிறார்கள். பந்துகளை முக்கோணமாக நெருக்கி அடுக்கி வைத்திருப்பார்கள். மேஜையின் இந்தப் பக்கமிருந்து வெள்ளைப் பந்தை ஓங்கி அடித்து அந்த அடுக்கைச் சிதறடிக்க வேண்டும். நன்றாகச் சிதறினால் ஆட்டம் நம் பக்கம் வரும். இல்லாவிட்டால் எதிராளிக்கு இலை போட்டுப் பரிமாறின மாதிரிதான். பந்தில் பட்டதும் குச்சி நின்றுவிடக் கூடாதாம். பந்து போன பிறகும் அதன் பின்னாலேயே, கை நீள்கிற மட்டும் போக வேண்டுமாம். அப்போதுதான் அடி நேராகவும் முழுசாகவும் இறங்கும்.

நம் பிள்ளைக்கு அதுதான் வரவில்லை. மற்ற அடியெல்லாம் அழகாக அடிக்கிறாள். பிரேக்கில் மட்டும், பந்தைத் தொட்ட நொடியே குச்சியைப் பின்னால் இழுத்துக்கொள்கிறாள், சூடு பட்டவள் மாதிரி. வெள்ளைப் பந்து கோணிக்கொண்டு போகிறது. அடுக்கு அரைகுறையாகக் கலைகிறது. சென்னையில் அவளுக்குப் பயிற்சி கொடுக்கிற மேடம் வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "உன்னை யாரும்மா பின்னாடி இழுக்கறது?" என்று கேட்டார்களாம்.

அன்று சாயங்காலம் பவித்ரா போன் பண்ணினாள்.

"ஆயா, யாரு இழுக்கறாங்கன்னு தெரிஞ்சிடுச்சி."

"யாருடி?"

"தாத்தா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாடி சொல்ற? கனவுல வந்தாரா?"

"கையில வராரு ஆயா. படகு தள்ற கழி இல்ல? குத்துனதும் புடுங்கு, குத்துனதும் புடுங்குனு எத்தினி வாட்டி கத்தியிருப்பாரு. மேஜையில சேறு இல்லன்னு எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியல."

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நம் ஏரியில் பல இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான். அதற்குக் கீழே ஆளை விழுங்குகிற சேறு. கழியை ஊன்றித் தள்ளியதும் வெடுக்கென்று பிடுங்கிவிட வேண்டும். கொஞ்சம் சுணங்கினால் சேறு கழியைப் பிடித்துக்கொள்ளும், படகு நம்மை விட்டுவிட்டுப் போய்விடும்.

உனக்கு முட்டி பிடித்துக்கொண்ட பிறகு உன் படகைத் தள்ளியவள் பவித்ராதானே. ஒருநாள் கழியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். படகு காலுக்கடியில் நழுவிப் போனது. இவள் சேற்றில் நட்டுக்கொண்ட கழியில் தொங்கினாள். இறால் வலை போட்டிருந்த படகுகளெல்லாம் சிரித்தன. "கழி மேல காக்கா ஒக்காந்துகீது பாரு" என்று ஒருத்தன் கத்தினான். நீயும் சிரித்தாய், மாமா. கரைக்கு வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அவள் அன்றைக்குச் சோறு தொடவில்லை. அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கழியைச் சேற்றுக்கு விட்டதில்லை. "இவள மாதிரி எவனும் தள்ள மாட்டான்" என்று ஊரெல்லாம் சொன்னவனும் நீதான்.

மேடம் சொன்னபடி பழகிக்கொண்டுதான் இருக்கிறாள். அடித்துவிட்டு, பந்தெல்லாம் நிற்கிறவரை கையை மடக்காமல் குச்சியை நீட்டியபடியே நிற்க வேண்டுமாம். தனியாகப் பழகும்போது கை போகிறது. நாலு பேர் சுற்றி நின்று பார்த்தால் திரும்பி வந்துவிடுகிறது. எதற்குப் பயப்படுகிறது அந்தக் கை? மறுபடி யாராவது சிரித்துவிடுவார்கள் என்றா?

இன்றைக்குச் சென்னையில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அணியில் சேர்ந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எழுதிப் போடலாம். சேராவிட்டால் திரும்பி வந்து இறால் உரிக்கிற கம்பெனியில் நிற்க வேண்டியதுதான் என்று மாப்பிள்ளை முடிவாகச் சொல்லிவிட்டார். "இன்னும் எத்தினி நாளு அத்தை, குச்சியும் கையுமா?" என்கிறார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஏரியில் மீன் வரத்து அவ்வளவு குறைந்து கிடக்கிறது.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன், மாமா. போன் வந்தது. கூடப் போயிருக்கிற செல்விதான்.

"எம்மா, மொத ஆட்டம் போச்சு."

"கை இன்னா ஆச்சு? அதைச் சொல்லு."

"கை போச்சும்மா, முன்னால நீட்டமா போச்சு. போன வேகத்துல வெள்ளப் பந்து மேஜையத் தாண்டிக் குதிச்சி ரெஃபரி கால்கிட்ட உருண்டுச்சு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

"பவி?"

"அவளே குனிஞ்சி எடுத்துக் குடுத்தா. அவளும் சிரிச்சா. வெச்சிடறேம்மா, அடுத்தது அடுக்கறாங்க."

வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். அவள் நிஜமாகவே சிரித்தாளா, அழுகையை மறைக்கச் சிரித்தாளா? பந்து குதித்ததில் மிரண்டு, அடுத்த அடியில் மறுபடி இழுத்துக்கொண்டால்? இன்னும் ஆட்டம் பாக்கி இருக்கிறது. திரும்ப நான் போன் பண்ணவும் கூடாது.

மாமா, நீ அவள் பக்கத்தில்தான் நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது இவ்வளவுதான். புடுங்கு என்று சொல்லாதே. போ என்றும் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நில். பந்துக்குப் பின்னால் அவள் கை அதுபாட்டுக்குப் போகட்டும், நீ விட்டுவிடு.

நானும் ஒரு வாக்குத் தருகிறேன். இன்றைக்கு அவள் தோற்றே வந்தாலும் இறால் கம்பெனி வாசலை மிதிக்க விடமாட்டேன். மாப்பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன். அடுத்த வருஷமும் ஆள் எடுக்கத்தானே போகிறார்கள்?

பவித்ரா, பேப்பரில் இதைப் பார்த்தால் உனக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கிற போட்டோவில் நீ மெடலைக் கடித்துக்கொண்டு நிற்கிறாய், எனக்கு அது போதவில்லை. பிரேக் அடித்து முடித்து, கை முழுசாக முன்னால் நீண்டிருக்கும்போது ஒன்று எடுக்கச் சொல். போனில் அனுப்பாதே, என் கண்ணுக்கு எட்டாது. பெரிதாகக் கழுவித் தபாலில் போடு.

உன் அக்கா மகளும் பெண்டாட்டியும்,
பவித்ராவின் ஆயாவுமான
கன்னியம்மா